பின் அச்சின் கணக்கு



சில மாதங்களுக்கு முன் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்க நாட்டுப் பிக்கப் வண்டி ஒன்றின் விவரப் பட்டியலை அவர் படித்திருந்தார். ஒரே வண்டி, ஒரே எஞ்சின். ஆயினும் ‘பின் அச்சு விகிதம்’ என்ற தலைப்பின்கீழ் 3.31, 3.55, 3.73 என மூன்று எண்கள் காணப்பட்டனவாம். எண் பெரிதாகப் பெரிதாக, அவ்வண்டி இழுக்கத்தக்க பாரமும் பெரிதாகக் குறிக்கப்பட்டிருந்ததாம். “எஞ்சின் மாறவில்லையே, ஐயா, கூடுதல் வலிமை மட்டும் எங்கிருந்து வந்தது?” என்று அவர் வினவினார். அவ்வினாவுக்கு விடை கூறப் புகுந்தால், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைக் கூற வேண்டியிருக்கிறது. அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓட்டுநர் அறைக்குப் பின்னே திறந்த சரக்குத் தொட்டியை உடைய சிறு டிரக்கே பிக்கப். உறங்கவும் சமைக்கவும் இடமமைந்து, அதன் பின்னே பூட்டி இழுத்துச் செல்லப்படும் சிறு வீட்டை அமெரிக்கர் கேம்பர் என்றும் டிரெய்லர் என்றும் வழங்குவர். பிக்கப்பின் எஞ்சினிலிருந்து புறப்படும் சுழற்சி, கியர்ப் பெட்டியைக் கடந்து, நீண்ட தண்டு ஒன்றின் வழியே பின் அச்சை அடைகிறது. அங்கே தண்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் இருக்கிறது. அது கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. நம் ஊர் மோட்டார்ப் பட்டறையினரும் இவற்றைக் கிரவுன், பினியன் என்றே அழைக்கின்றனர். கிரவுனில் 41 பற்களும் பினியனில் 11 பற்களும் இருந்தால், 41-ஐ 11-ஆல் வகுத்து வரும் 3.73 என்பதே அச்சின் விகிதம். அதாவது, தண்டு 3.73 முறை சுழன்றால்தான் சக்கரம் ஒரு முறை சுழலும்.

சைக்கிள் ஓட்டும் உங்களுக்கு இது புதிதன்று. சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரிய பற்சக்கரத்தைப் பொருத்தினால் மேடு ஏறுவது எளிது. ஆனால் கால்கள் ஓயாமல் சுழல வேண்டும். சிறியதைப் பொருத்தினால் சமவெளியில் கால் ஓய்வாகச் சுழலும். மேடு வந்ததும் மூச்சு வாங்கும். சுழற்சியை மிகுதியாகக் கொடுத்து வலிமையைப் பெறுகிறோம். அல்லது வலிமையை விட்டுக்கொடுத்து வேகத்தைப் பெறுகிறோம். மோட்டார் வண்டியின் பின் அச்சில் நிகழ்வதும் இதே பண்டமாற்றுத்தான்.

இப்பண்டமாற்றை மனிதன் மோட்டார் வருவதற்கு முன்னரே அறிந்திருந்தான். 1840களிலிருந்து அமெரிக்கக் குடும்பங்கள் பல, துணிக்கூரை போர்த்திய மாட்டு வண்டிகளில் மிசூரி ஆற்றங்கரையிலிருந்து மேற்கே ஆரிகனை நோக்கிப் புறப்பட்டன. வழியோ ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். செங்குத்தான மேடு எதிர்ப்பட்டபோது அவர்கள் என்ன செய்தனர்? ஒரு வண்டியின் மாடுகளை அவிழ்த்து, மற்றொரு வண்டியின் மாடுகளுக்கு முன்னே பூட்டினர். இரட்டிப்பு மாடுகள் முதல் வண்டியை மேலே இழுத்துச் சென்று நிறுத்தின. பின்னர் கீழே திரும்பி வந்து இரண்டாம் வண்டியை இழுத்துச் சென்றன. புதிய மாடு ஒன்றும் வாங்கவில்லை. ஆயினும் மேடு கடக்கப்பட்டது. அதற்கு அவர்கள் கொடுத்த விலை காலம். ஒரு முறை ஏற வேண்டிய மேட்டை மாடுகள் இரு முறை ஏறின. இந்த நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் கூறப்போவதனைத்தும் இதன் மறுபதிப்பே.

மோட்டார் வண்டியில் இந்த ஏற்பாட்டைச் செய்யும் பின் அச்சு பல கைகளால் உருவானது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட மிகுதியான தூரம் ஓட வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரென்ஷியல் அமைப்பை, 1820களின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டின் பெக்கர் என்பார் நீராவி வண்டிக்காக வகுத்தார். தண்டின் சுழற்சியைக் குறுக்கே திருப்பும் சாய்வுப் பற்சக்கரங்களைத் துல்லியமாக வெட்டுவதற்கு, 1874ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் ஓர் இயந்திரத்தை அமைத்தார். அவருடைய மகள் கேட் கிளீசன் 1884ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயிலச் சேர்ந்தவர். தந்தையின் தொழிற்சாலைக்கு உதவி தேவைப்பட்டமையால் படிப்பை இடையில் விட்டுத் திரும்பினார். பின்னர் அவ்வியந்திரங்களை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்றுப் பெயர் பெற்றார். பற்சக்கரத் தொழிலின் வரலாற்றில் அம்மையாருக்குத் தனி இடம் உண்டு.

1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் வெளிவந்தது. அதன் எஞ்சினின் ஆற்றல் 20 குதிரைத்திறன். பின் அச்சின் கிரவுனில் 40 பற்கள், பினியனில் 11 பற்கள். விகிதம் ஏறக்குறைய 3.64. நல்ல சாலையில் அது மணிக்கு 65 கிலோமீட்டர் அளவில் ஓடியது. முன்னோக்கிச் செல்ல அதற்கு இரண்டே கியர்கள் இருந்தன. பின்னோக்கிச் செல்லும் கியரோ முன்னோக்கிய தாழ்ந்த கியரினும் வலியது. மேலும், பெட்ரோல் தன் எடையாலேயே எஞ்சினுக்கு வழிந்து சேர வேண்டியிருந்தமையால், செங்குத்தான மேட்டில் வண்டியின் முகப்பு உயர்ந்ததும் எண்ணெய் வருவது தடைப்படும். ஆகவே ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேறினர்! இன்று நகைப்பாகத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் பல்விகிதத்தின் பயனை ஏட்டில் கற்காமல் மேட்டில் கற்றவர்கள்.

1917ஆம் ஆண்டில் அதே நிறுவனம் மாடல் டிடி என்ற ஒரு டன் டிரக்கை வெளியிட்டது. என் பேச்சின் நடுநாயகமான சான்று இதுவே. அந்த டிரக்குக்குப் புதிய எஞ்சின் எதுவும் அமைக்கப்படவில்லை. காரில் இருந்த அதே 20 குதிரைத்திறன் எஞ்சினே இதிலும் இருந்தது. சட்டம் நீண்டது, வலுப்பெற்றது, பின் அச்சு மாறியது. சாதாரணச் சாய்வுப் பற்களுக்குப் பதிலாகப் புரிப்பல் அமைப்பு ஒன்று வைக்கப்பட்டது. அதன் விகிதம் 7.25. காரின் 3.64-ஓடு ஒப்பிடுக: ஏறத்தாழ இரு மடங்கு. மாடுகளை இரட்டிப்பாகப் பூட்டிய அதே கணக்கு! விலை என்ன? இவ்விகிதம் உடைய டிரக்கை மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டலாகாது என்று அறிவுறுத்தப்பட்டது. இன்னும் சற்று விரைவு வேண்டுவோர்க்கு 5.17 விகிதமுள்ள அச்சும் கிடைத்தது. அதற்கு வகுத்த எல்லை மணிக்கு 35 கிலோமீட்டர். வாங்குவோர் தம் சாலையையும் சுமையையும் எண்ணிப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டனர்.

கார் வைத்திருந்தோரும் வாளாவிருக்கவில்லை. மாடல் டி காரின் பின் அச்சிலேயே இரண்டு விகிதங்களை அமைத்துத் தரும் ரக்ஸ்டெல் என்னும் உபகரணம் விற்பனைக்கு வந்தது. ஒரு நெம்புகோலை அசைத்தால் இழுவலிமை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் கூடும். இத்தகைய கார்களின் காலத்தில்தான், 1919ஆம் ஆண்டில், ஃபுளோரிடா மாநிலத்து டாம்பா நகரில் ‘தகரக் குவளைப் பயணிகள்’ என்னும் பெயரால் ஊர் சுற்றுவோர் சங்கம் ஒன்று தோன்றியது. கார்களின் பின்னே கூடாரச் சாமான்களையும் தாமே செய்த சிறு டிரெய்லர்களையும் பூட்டிச் சென்ற குடும்பங்கள் அதில் கூடின. 1930களில் டிரெய்லர் செய்வது பெருந்தொழிலாயிற்று. வாலி பயம் என்பாரின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளிரும் அலுமினிய டிரெய்லர் இன்றும் பேசப்படுகிறது. அக்காலத்தில் டிட்ராய்ட் வட்டாரத்தில் டிரெய்லர் செய்த பெரிய நிறுவனம் ஒன்று தனக்கு இட்டுக்கொண்ட பெயரைக் கேளுங்கள்: ‘கூரை வண்டி நிறுவனம்’! மாட்டு வண்டியில் மேற்கே சென்ற பாட்டனாரின் நினைவு பேரனை விட்டு நீங்கவில்லை.

இதற்கிடையே பின் அச்சும் வளர்ந்தது. 1926ஆம் ஆண்டில் பாக்கார்டு நிறுவனம் ஹைப்பாய்டு என்னும் பல்லமைப்பைத் தன் கார்களில் புகுத்தியது. இதில் பினியன், கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே அமைகிறது. அதனால் தண்டு தாழ்ந்தது. வண்டியின் தளமும் தாழ்ந்தது. பற்களின் தொடுபரப்பு மிகுந்து வலிமையும் கூடியது. ஆனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உராய்வதும் மிகுந்தமையால், கடும் அழுத்தத்தைத் தாங்கும் தனி எண்ணெய் இன்றியமையாததாயிற்று. இன்றைய பிக்கப் வண்டிகளின் பின் அச்சுகள் பெரும்பாலும் இவ்வகையினவே.

1956ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நாடு தழுவிய பெருஞ்சாலைத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. அகன்ற சாலைகள் மலைத்தொடர்களையும் ஊடுருவின. கொலராடோவில் 1973ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அவ்வுயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அழுத்தக்காற்றை ஊட்டும் கருவியில்லாத எஞ்சின் தன் ஆற்றலில் கணிசமான பகுதியை இழக்கும். அத்தகைய சாலையில் வீட்டையே பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். பின் அச்சின் எண் அவர்களுக்கு வெறும் எண்ணாக இருக்க முடியாது.

அதே 1973ஆம் ஆண்டின் இறுதியில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. 1974ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நாடெங்கும் மணிக்கு 55 மைல், அதாவது ஏறத்தாழ 88 கிலோமீட்டர், என்ற வேக எல்லை விதிக்கப்பட்டது. 1975ஆம் ஆண்டில் எரிபொருள் சிக்கனச் சட்டம் பிறந்தது. எரிபொருளை மிச்சப்படுத்த எளிய வழி எது? எஞ்சினை மெதுவாகச் சுழலவிடுவதே. ஆகவே உற்பத்தியாளர்கள் அச்சு விகிதத்தைக் குறைத்தனர். 1980களில் பிக்கப் வண்டிகள் பல 3.08, 2.73 போன்ற விகிதங்களோடு வெளிவந்தன. வெறும் வண்டியாக ஓட்டுவோருக்கு அவை நல்ல சிக்கனத்தைத் தந்தன. ஆனால் அவ்வண்டியை வாங்கியபின் ஒருவர் கேம்பர் ஒன்றையும் வாங்கிப் பூட்டினால் என்னாகும்? மேடு வந்ததும் வண்டி தளரும். கியர்ப் பெட்டி தாழ்ந்த கியருக்கு இறங்கும், சற்றே வேகம் கூடினால் மேலே ஏறும், மீண்டும் இறங்கும். மூன்று நான்கு கியர்களே இருந்தமையால் ஒவ்வொரு படியும் பெரிது. சுமைக்கு ஏற்ற நடுப்படி இல்லை. இவ்வாறு மாறி மாறித் தவிக்கையில் தானியங்கிக் கியர்ப் பெட்டியின் எண்ணெய் கொதிப்பேறும்; பெட்டியும் கெடும். எனவே உரிமையாளர்கள் பட்டறையை நாடிக் கிரவுனையும் பினியனையும் மாற்றிக்கொள்ளலாயினர்.

அதன் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் விட்டம் 28 அங்குலம் என்று கொள்ளுங்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 720 முறை சுழலும். எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும் நேர்கியரில், 3.08 விகிதமுள்ள வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்கு 2,218 முறை சுழல வேண்டும், 3.73 விகிதமாயின் 2,686 முறை, 4.10 விகிதமாயின் 2,952 முறை. 3.08-இலிருந்து 3.73-க்கு மாறியவர் சக்கரத்தில் 21 விழுக்காடு கூடுதல் திருப்புவிசையைப் பெறுகிறார். எஞ்சினின் சுழற்சியும் அதே 21 விழுக்காடு கூடிவிடுகிறது. வரவும் செலவும் ஒரு காசும் பிசகாமல் ஒத்திருப்பதைக் காண்கிறீர்கள். இங்கே இன்னொன்றும் உண்டு. அழகுக்காக 31 அங்குலச் சக்கரங்களை மாட்டிக்கொண்டால், 3.73 விகிதம் 3.37 போலவே வேலை செய்யும். பட்டறையில் பணம் கொடுத்துப் பெற்றதன் பெரும்பகுதியை டயர்க் கடையில் இழந்தவராவோம்.

பற்களை மாற்றும் பணி எளிதென்று எண்ணலாகாது. கிரவுனும் பினியனும் இணையாகவே உருவாக்கப்பட்டு, ஒன்றோடொன்று உராய்த்துப் பொருத்தப்படுபவை. ஒன்றைமட்டும் மாற்றுதல் தகாது. பற்களுக்கிடையே விடவேண்டிய இடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரையே. மெல்லிய ஷிம் தகடுகளை வைத்தும் எடுத்தும் இதனைச் சரிசெய்வர். பின்னர் பற்களில் வண்ணக் களிம்பைத் தடவிச் சுழற்றி, எந்த இடத்தில் பல்லோடு பல் தொடுகிறது என்பதைப் பார்ப்பர். தொடும் இடம் ஓரத்தில் விழுந்தால் அச்சு ஓலமிடும். நாளடைவில் பல் உடையும். நான்கு சக்கரங்களிலும் உந்துவிசையுள்ள வண்டியாயின் முன் அச்சின் விகிதத்தையும் மாற்ற வேண்டும். இல்லையேல் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். தண்டின் சுழற்சியைக் கொண்டு வேகம் காட்டும் வண்டிகளில் வேகமானியையும் திருத்த வேண்டும். திருத்தாவிடில் 60 மைலில் செல்லும்போது அது 72 மைலுக்கு மேல் காட்டும்.

நண்பர்களே, இதுவரை கூறியவற்றினும் முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். பல் மாறியதும் வண்டி எளிதாக மேடேறுகிறது. ஓட்டுநரின் உள்ளத்தில் ஒரு துணிவு பிறக்கிறது. இன்னும் பெரிய கேம்பரைப் பூட்டினால் என்ன என்று ஆசை எழுகிறது. இங்கேதான் ஆபத்து நிற்கிறது. பின் அச்சின் பல்லை மாற்றியவர் பிரேக்கை மாற்றவில்லை, சட்டத்தை மாற்றவில்லை, டயர் தாங்கும் பாரத்தை மாற்றவில்லை, கொக்கியின் வலிமையையும் மாற்றவில்லை. ஏறிய மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். பெரிய விகிதம், இறக்கத்தில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்குச் சற்று உதவும் என்பது மெய்யே. ஆயினும் பல டன் எடையுள்ள வீடு பின்னாலிருந்து தள்ளும்போது, இறுதியில் காப்பது வண்டியின் பிரேக்கும் டிரெய்லரின் பிரேக்குமே. பிரேக்கின் வலிமையை எந்தப் பல்விகிதமும் கூட்டுவதில்லை. ஆதலின், தயாரித்தவர் குறித்த பார எல்லையைப் பற்சக்கரம் மாற்றி உயர்த்திவிட்டதாக யாரும் கருதலாகாது.

எவ்வளவு இழுக்கலாம் என்பதைக் குறிப்பதில் தயாரிப்பாளர்களிடமே நெடுங்காலம் பொதுவான அளவுகோல் இருந்ததில்லை. ஒவ்வொருவரும் தத்தம் முறையில் எண்களை வெளியிட்டு வந்தனர். அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கம் 2008ஆம் ஆண்டில் ஜே 2807 என்னும் பொதுச் சோதனையை வகுத்தது. 2011ஆம் ஆண்டு மாதிரிகளில் டொயோட்டா அதனை முதலில் ஏற்றது, ஏனையோர் பின்தொடர்ந்தனர். அச்சோதனையின் ஒரு பகுதியைக் கேளுங்கள். அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகிலிருந்து எழும் மலைச்சாலையில், ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தூரம், 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தில், குளிர்சாதனத்தை முழுமையாக இயக்கியபடி, முழுப் பாரத்தையும் இழுத்து ஏற வேண்டும். பின்னே இரட்டைச் சக்கரமில்லாத பிக்கப்பாயின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையலாகாது. விளம்பரத்தில் கூறிய வலிமை மலைச்சாலையில் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்ற நேர்மை இதில் இருக்கிறது.

அண்மைக் காலத்தில் கியர்ப் பெட்டியும் மாறிவிட்டது. 2017ஆம் ஆண்டில் ஃபோர்டின் பிக்கப் ஒன்றில் பத்துக் கியர்கள் கொண்ட பெட்டி வந்தது. படிகள் பலவாகிச் சிறியனவாயினமையால், சுமைக்கு ஏற்ற படி எப்போதும் அருகிலேயே கிடைக்கிறது. பின் அச்சைப் பிரித்துப் பல் மாற்றும் தேவை அத்தகைய வண்டிகளில் குறைந்துவிட்டது. எனினும், அந்த மாணவர் கண்ட பட்டியலில் மூன்று எண்கள் இன்னும் நின்றன அன்றோ? பத்துப் படிகள் இருந்தாலும் இறுதிப் பெருக்கல் பின் அச்சிலேயே நிகழ்கிறது.

“கூடுதல் வலிமை எங்கிருந்து வந்தது?” என்பது அவர் கேட்ட கேள்வி. நான் அவருக்குக் கூறிய விடையையே உங்களுக்கும் கூறி முடிக்கிறேன். எங்கிருந்தும் வரவில்லை. ஆரிகன் வழியில் மாடுகள் இருமுறை மேடேறிப் பெற்றதை, மாடல் டிடி டிரக் மெதுவாக ஊர்ந்து பெற்றது. இன்றைய பிக்கப் எஞ்சினை விரைவாகச் சுழற்றிப் பெறுகிறது. பற்சக்கரம் ஓர் உண்மையான வணிகன். கொடுத்ததற்கு ஈடாகத் தருவானேயன்றி, இலவசமாக எதையும் தரமாட்டான். இந்தக் கணக்கை மனத்தில் கொண்டு பாரம் பூட்டியவர்கள் மலையின் அப்புறமும் நலமாக இறங்கினர். நாளை உங்களுள் சிலர் இயந்திரங்களை வடிக்கும் பொறியாளராகலாம். பலர் அவற்றை ஓட்டுவோராகலாம். எந்த இயந்திரமேனும் உங்களுக்குக் கூடுதலாக ஒன்றைத் தரும்போது, அதற்கு ஈடாக அது எதைப் பெற்றுக்கொள்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.